ரீபூட் வைத்தியர்களுக்கு ஒரு கண்டனப் பதிவு

கொஞ்சம் காட்டமான பதிவு இது. படிச்சுட்டு பொட்டி தட்டுற மக்கள் யாருக்காவது மனசு நொந்தா மன்னிக்கவும். நோகணும்னு தான் எழுதறேன் :-)

மேட்டர் இதுதான். ஒரு விஎம், அதாங்க வர்ச்சுவல் மெஷின், தூய தமிழ்ல சொன்னா மெய்நிகர் இயந்திரம், திடீர்னு கிறுக்குத்தனம் பண்ண ஆரம்பிக்குது. திங்கக்கிழமை டேட்டாபேஸ் செத்துப் போகுது. புதன்கிழமை கெர்னல் பானிக். வெள்ளிக்கிழமை ஒரு ஜிப் ஃபைலைப் பிரிச்சா எர்ரர், அதே ஃபைலை மறுபடி பிரிச்சா சமர்த்தா திறக்குது. விண்டோஸா இருந்தா நீலத்திரை. அதுலயும் இன்னிக்கு ஸ்டாப் கோட் 1ஏ, நாளைக்கு 19, அதுக்கு மறுநாள் 50. ஒண்ணுக்கொண்ணு சம்பந்தமே இல்லாத நாலு வியாதி ஒரே ஆளுக்கு வந்தா, அனுபவப்பட்டவங்க உடனே சந்தேகப்படுறது மெமரி கரப்ஷனைத்தான். எழுதி வச்சது ஒண்ணு, திரும்பப் படிக்கும்போது இருக்கிறது இன்னொண்ணு.

சரி, இதைக் கொண்டுபோய் சப்போர்ட்ல கேளுங்க. கம்பெனி எதுவா இருந்தாலும் மூணே மூணு மருந்துதான் கிடைக்கும்.

1. ரீபூட் பண்ணிப் பாருங்க.
2. விஎம்முக்குள்ள மெம்டெஸ்ட் ஓட்டிப் பாருங்க.
3. அழிச்சுட்டுப் புதுசா ஒண்ணு கட்டிக்கங்க.

கொஞ்சம் விவரமான ஆளா இருந்தா நாலாவதா "காஸ்மிக் ரேயா இருக்கும் சார்"னு வானத்தைக் காட்டிட்டு டிக்கெட்டை மூடிடுவார்.

நான் சொல்றது என்னன்னா, இந்த நாலுல ஒண்ணு கூட நோய் கண்டுபிடிக்கிற வேலை இல்லை. முதலாவது சாட்சியை அழிக்குது. ரெண்டாவது சம்பந்தமில்லாத இடத்துல தேடுது. மூணாவது குற்றவாளியை விட்டுட்டு செத்தவனைப் புதைக்குது. நாலாவது விதி மேல பழி போடுது. இதுல பெரிய கொடுமை, நிஜ மெஷினை விட விஎம்ல நோய் கண்டுபிடிக்கிறது பல மடங்கு சுலபம். கையில வெண்ணெயை வச்சுக்கிட்டு நெய்க்கு அலையறோம். இல்லை, அலையக்கூட இல்லை, வெண்ணெயைச் சாக்கடையில கொட்டிட்டு "நெய்யே இல்லை சார்"னு சொல்றோம்.

ஒவ்வொண்ணா பார்ப்போம். முதல்ல ரெண்டாவது மருந்தை எடுத்துக்கறேன். அது புரிஞ்சா மத்ததெல்லாம் புரிஞ்சிடும்.

பழைய ஒண்டுக்குடித்தன வீடுகளை நினைச்சுக்கங்க. ஒரே காம்பவுண்டுல எட்டுக் குடித்தனம். ஒவ்வொரு குடித்தனக்காரரும் தன் வீட்டு ரூமுக்கு 1, 2, 3னு நம்பர் போட்டு வச்சிருக்கார். ஆனா எந்த நம்பர் எந்த நிஜ ரூம்ங்கிற கணக்கு வீட்டு ஓனர் நோட்டுல தான் இருக்கு. அவர் ராத்திரியோட ராத்திரியா ரூமை மாத்தி வைக்கலாம். ரெண்டு குடித்தனத்துலயும் ஒரே மாதிரி சாமான் இருந்தா ஒரே ரூமை ரெண்டு பேருக்கும் காட்டலாம். இடம் பத்தலைன்னா ஒருத்தர் சாமானைத் தூக்கிப் பரண்ல போட்டுட்டு, கேட்கும்போது இறக்கித் தரலாம். குடித்தனக்காரருக்கு எதுவுமே தெரியாது.

விஎம்மோட மெமரி அப்படித்தான். உள்ளே ஓடுற ஓஎஸ், அதாவது கெஸ்ட், "இது என் ஃபிசிக்கல் மெமரி"ன்னு நினைக்கிற அட்ரஸ் நிஜ அட்ரஸ் இல்லை. பெரும்பாலும் 4096 பைட் கொண்ட ஒவ்வொரு பக்கத்துக்கும், நிஜ ராம்ல எது அதோட ஜோடின்னு ஹோஸ்ட் தனியா ஒரு அட்டவணை வச்சிருக்கும். இந்தக் கணக்கை சிபியுவே நேரடியாப் பார்க்கிற வசதி ஏஎம்டியில 2007லயும் இன்டெல்ல 2008லயும் வந்துடுச்சு.

இப்ப சொல்லுங்க. ஹோஸ்ட்ல 256 ஜிபி ராம் இருக்கு. அதுல ஏதோ ஒரு மூலையில ஒரு செல் பழுது. உங்க விஎம்முக்கு 8 ஜிபி. நீங்க விஎம்மை நிறுத்திட்டு உள்ளே மெம்டெஸ்ட் ஓட்டுறீங்க. நிறுத்தின அந்த நிமிஷமே பழைய பக்கங்களை ஹோஸ்ட் திரும்ப வாங்கிடும். மறுபடி கிளம்பும்போது அதே பக்கங்கள் உங்களுக்கே வரும்னு எந்த உத்தரவாதமும் இல்லை. பழுதான செல் இப்ப பக்கத்து விஎம்ல குடியிருக்கும். மெம்டெஸ்ட் ராத்திரி பூரா ஓடி "பாஸ்"னு பச்சைக்கொடி காட்டும். உடனே சப்போர்ட் அண்ணாச்சி "பாத்தீங்களா, ஹார்ட்வேர்ல ஒண்ணுமில்லை, உங்க ஓஎஸ்ல தான் பிரச்சனை"ன்னு தீர்ப்பு எழுதிடுவார்.

விஎம்முக்குள்ள மெம்டெஸ்ட் ஃபெயில் ஆனா அதுக்கு அர்த்தம் உண்டு. பாஸ் ஆனா அது ஒண்ணையும் நிரூபிக்காது. இந்த ஒரு வரியை சப்போர்ட் சென்டர் சுவர்ல எல்லாம் பெயின்ட்ல எழுதி வைக்கணும்னு எனக்கு ஆசை. மெம்டெஸ்ட் ஓட்ட வேண்டியது ஹோஸ்ட்ல. ஹோஸ்டை நிறுத்தினா எட்டுக் குடித்தனமும் கத்தும்னு தான் ஒரு குடித்தனத்தை மட்டும் சோதிக்கச் சொல்றாங்க.

அடுத்து காஸ்மிக் ரே. இதைக் கேட்டாலே எனக்குப் பத்திக்கிட்டு வரும். விண்வெளியில இருந்து வர்ற துகளால பிட் மாறும்ங்கிறது பொய் இல்லை. 1978ல இன்டெல்லைச் சேர்ந்த மே, வுட்ஸ்னு ரெண்டு பேர், ராம் சிப்போட பேக்கேஜ்லயே துளியூண்டு கலந்திருந்த யுரேனியம், தோரியத்துல இருந்து வர்ற ஆல்ஃபா துகள் பிட்டை மாத்துதுன்னு காட்டினாங்க. அப்ப இருந்தே இது தெரிஞ்ச கதை. ஆனா நடைமுறையில எது அதிகம்?

2009ல கூகுளும் டொரன்டோ பல்கலைக்கழகமும் சேர்ந்து ஒரு ஆய்வு வெளியிட்டாங்க. கூகுளோட சர்வர்களை ரெண்டரை வருஷம் கவனிச்சுச் செஞ்சது. வருஷத்துக்கு சுமார் மூணுல ஒரு மெஷின்ல மெமரி எர்ரர். ராம் குச்சிகள்ல 8 சதவீதத்துக்கு மேல வருஷத்துக்கு ஒரு தடவையாவது எர்ரர் காட்டுது. ஒரு குச்சி ஒரு தடவை எர்ரர் காட்டிடுச்சுன்னா, அதே மாசத்துல மறுபடி காட்டுறதுக்கான வாய்ப்பு நல்ல குச்சியை விட 13ல இருந்து 228 மடங்கு அதிகம். அவங்க முடிவு, பெரும்பாலானவை தற்செயலா பிட் மாறுறது இல்லை, நிஜமாவே பழுதான செல்கள்.

புரியுதுங்களா? காஸ்மிக் ரே ஒரு தடவை இடிச்சுட்டுப் போயிடும். அதே பிட்டைத் தேடி வாராவாரம் வராது. அதே ஹோஸ்ட்ல மூணாவது தடவை பிரச்சனை வந்தப்புறமும் வானத்தைக் காட்டுறவர் வைத்தியர் இல்லை, ஜோசியர்.

"ஹோஸ்ட்ல இசிசி மெமரி தானே, லாக்ல ஒண்ணுமில்லையே"ன்னு சிலர் கேப்பாங்க. நல்ல கேள்வி. ஆனா எந்த லாக்? இசிசி திருத்தின எர்ரர் எல்லாம் ஹோஸ்டோட மெஷின் செக் லாக்ல தான் விழும். லினக்ஸ்ல ராஸ்டேமான், எம்சிஇலாக் மாதிரி சமாச்சாரங்கள்ல. இல்லைன்னா மதர்போர்டோட ஐபிஎம்ஐ லாக்ல. கெஸ்டுக்குள்ள உக்காந்துக்கிட்டு எத்தனை லாக் புரட்டினாலும் அது தெரியாது. திருத்த முடியாத எர்ரர் வந்தா மட்டும் கதை வேற. 2009ல வந்த லினக்ஸ் 2.6.32ல இருந்து, கெர்னல் அந்தப் பக்கத்துக்கு "விஷம்"னு முத்திரை குத்தி ஒதுக்கி வைக்கும். அது கேவிஎம் கெஸ்டோட பக்கமா இருந்தா, க்யூஇஎம்யு வழியா கெஸ்டுக்கு ஒரு மெஷின் செக் போய்ச் சேரும். அதாவது வீடு இடிஞ்சு விழுந்தப்புறம் தான் குடித்தனக்காரருக்குத் தகவல். சுவர்ல விரிசல் விட்ட சேதி ஓனருக்கு மட்டும்.

அப்ப நியாயமா என்ன செய்யணும்? வாடகை வாங்குற ஓனர் விரிசல் கணக்கைக் காட்டணும். "என் விஎம் ஓடுற ஹோஸ்ட்ல கடந்த 30 நாள்ல எத்தனை எர்ரர் திருத்தப்பட்டிருக்கு?"ன்னு கேட்டா பதில் வரணும். கேட்டுப் பாருங்க. "அது இன்டர்னல் இன்ஃபர்மேஷன் சார்". என்ன கொடுமை சார் இது?

வீட்டுல, சின்ன ஆபீஸ்ல சாதா டெஸ்க்டாப் பொட்டியில நாலு விஎம் ஓட்டுறவங்க நிலைமை இன்னும் மோசம். அங்கே இசிசியே இல்லை. லாக் சுத்தமா இருக்கும், ஏன்னா எழுத ஆளே இல்லை. "டிடிஆர்5ல இசிசி உள்ளேயே இருக்கே"ன்னு நம்பி ஏமாறாதீங்க. அது சிப்புக்குள்ள நடக்கிற தவறை சிப்பே கமுக்கமா திருத்திக்கிறது. சிப்புக்கும் சிபியுவுக்கும் நடுவுல வழியில நடக்கிற தப்பை அது பார்க்காது. திருத்தினதையும் சாதாரணமா ஓஎஸ்கிட்ட சொல்லாது. முழு இசிசிக்கு அது மாற்று இல்லை.

இனி முக்கியமான குற்றச்சாட்டு. ரீபூட்.

சந்தேகத்துக்கு இடமான சாவு நடந்தா என்ன பண்ணுவோம்? பிரேதப் பரிசோதனை முடிஞ்சுதான் எரிக்க விடுவாங்க. முதல்ல எரிச்சுட்டு அப்புறம் சாம்பலை வச்சுக்கிட்டு "எப்படிச் செத்தார்?"னு யோசிக்க மாட்டோம். மெமரி கரப்ஷன்ல சாட்சி எங்கே இருக்கு? மெமரியில மட்டும்தான். ரீபூட் அதைத் துடைச்சு எடுத்துடும்.

நிஜ மெஷின்ல இதுக்கு ஒரு சாக்கு இருந்தது. செத்துக்கிட்டு இருக்கிற கெர்னல் தன் கையாலேயே டம்ப் எழுதணும், இல்லைன்னா கேடம்ப் மாதிரி முன்கூட்டியே ஏற்பாடு பண்ணி வச்சிருக்கணும். நோயாளியே எழுந்து உக்காந்து எக்ஸ்ரே எடுத்துக்கிற கதை. பல சமயம் நடக்காது. ஆனா விஎம்ல அந்தச் சாக்கு எடுபடாது மக்களே! வெளியில இருந்து ஹோஸ்ட் எல்லாத்தையும் பார்த்துக்கிட்டே இருக்கு. அப்படியே உறைய வச்சுட்டு, மெமரி மொத்தத்தையும் படம் எடுத்துக்கலாம். கெஸ்டோட சம்மதம் கூடத் தேவையில்லை.

கேவிஎம்னா விர்ஷ்ல டம்ப்னு ஒரே ஒரு கமாண்ட், கூட மெமரி-ஒன்லிங்கிற ஆப்ஷன். விர்ச்சுவல்பாக்ஸ்லயும் மெமரியைக் கோர் ஃபைலா எடுக்க வழி இருக்கு. விஎம்வேர்ல சஸ்பெண்ட் பண்ணினாலோ மெமரியோட ஸ்னாப்ஷாட் எடுத்தாலோ மெமரி முழுசும் ஃபைலா வந்துடும். விண்டோஸ் கெஸ்ட் தொங்கிப் போயிருந்தா, வெளியில இருந்து ஒரு என்எம்ஐ தட்டினா அதுவே நீலத்திரை போட்டு டம்ப் எழுதிக்கும்.

"எஸ்எல்ஏ இருக்கு சார், நேரமில்லை"ங்கிறாங்க. கணக்குப் போடுவோமா? டிஸ்க் செகண்டுக்கு 100 எம்பி தான் எழுதுதுன்னு வச்சுக்கங்க. 8 ஜிபி விஎம்முக்கு ஒண்ணரை நிமிஷம் கூட ஆகாது. ஒரு டீ ஆர்டர் பண்ற நேரம். ரீபூட் பண்ணாதேன்னு நான் சொல்லவே இல்லை. படம் எடுத்துட்டுப் பண்ணுன்னு தான் சொல்றேன்.

படத்தை வச்சு என்ன பண்றது? அங்கே தான் சுவாரசியமே. காயத்தோட வடிவத்தைப் பார்த்தாலே ஆயுதம் தெரிஞ்சுடும்.

பெல்ஜியத்துல 2003 மே மாசம் தேர்தல். ஷார்பீக்னு ஒரு ஊர்ல எலக்ட்ரானிக் வாக்குப்பதிவு. ஒரு வேட்பாளருக்குக் கிடைக்கவே முடியாத அளவுக்கு ஓட்டு விழுந்திருந்தது. திரும்ப எண்ணிப் பார்த்தா சரியா 4096 ஓட்டு அதிகம். 4096ங்கிறது ரெண்டோட 12ஆவது அடுக்கு. அதாவது ஒரே ஒரு பிட், பூஜ்ஜியத்துல இருந்து ஒண்ணாகிடுச்சு. மென்பொருள்ல துருவிப் பார்த்தும் தப்பு கிடைக்கலை, தானா பிட் மாறினதா தான் இருக்கும்னு முடிவு கட்டினாங்க. வித்தியாசம் 4100ஆ இருந்திருந்தா இந்தச் சந்தேகமே வந்திருக்காது. எண்ணோட வடிவம் தான் துப்பு கொடுத்தது.

அதே மாதிரி டம்ப்லயும் பாருங்க.

ஒரே ஒரு பிட் மட்டும் மாறியிருக்கா? ஹார்ட்வேர் மேல சந்தேகம் வைக்கலாம். விண்டோஸ் டம்ப்பை விண்டிபக்ல போட்டா, மெமரியில இருக்கிற புரோகிராம் கோடை ஒரிஜினலோட ஒப்பிட்டுப் பார்த்து "மெமரி கரப்ஷன் ஒன் பிட்"னு பேர் சொல்லியே காட்டிக் கொடுக்கும். ஆனா ஒரு பிட்னாலே ராம் தான்னு குதிக்கவும் கூடாது. ஒரே ஒரு பிட்டை மட்டும் மாத்துற கோடும் கெர்னல்ல நிறைய உண்டு. அது தப்பான அட்ரஸ்ல வேலை செஞ்சாலும் இதே காயம் தான். எழுதப்படவே கூடாத புரோகிராம் கோடுல, வேற வேற விஎம்கள்ல, ஒத்தைப் பிட்டா மாறியிருந்தா அப்ப ஹார்ட்வேர் வாசனை நல்லாவே அடிக்கும்.

மாறின இடத்துல ஏதோ எழுத்து, ஃபைல் பேர், நெட்வொர்க் பாக்கெட் மாதிரி அர்த்தமுள்ள சரக்கு இருக்கா? அப்ப அது சாஃப்ட்வேர் வேலை. ராம் பழுதானா கவிதை எழுதாது. யாரோ ஒரு டிரைவர் எல்லை தாண்டி எழுதியிருக்கு. அந்தச் சரக்கு யாருடையதுன்னு பார்த்தா ஆளே சிக்கிடுவான்.

6பி 6பி 6பின்னு வரிசையா இருக்கா? லினக்ஸ்ல ஸ்லப் டீபக் போட்டு வச்சிருந்தா, விடுவிச்ச மெமரியில கெர்னலே நிரப்பி வைக்கிற அடையாளம் அது. காலி பண்ணின வீட்டுக்குள்ள யாரோ இன்னும் குடியிருக்கான்னு அர்த்தம்.

பக்க எல்லையில ஆரம்பிச்சு பக்க எல்லையில முடியுற மாதிரி, கச்சிதமா 4096 பைட்டும் பூஜ்ஜியமா, இல்லை வேற யாருடைய சரக்காவோ இருக்கா? அப்ப பக்கத்தைக் கையாளுற ஆள்கள் மேல கண்ணை வைங்க. கெஸ்ட் கெர்னலா இருக்கலாம், ஸ்வாப்பா இருக்கலாம், ஹோஸ்டாவும் இருக்கலாம்.

பாருங்க, நாலு காயம், நாலு ஆயுதம். ரீபூட் பண்ணினா நாலும் போச்சு.

இன்னொரு விஷயம். மெமரி கரப்ஷன்ல சத்தம் போடுறவன் திருடன் இல்லை, பறிகொடுத்தவன். டேட்டாபேஸ் கிராஷ் ஆச்சுன்னா டேட்டாபேஸ் தப்புன்னு அர்த்தமில்லை. அதோட இடத்துல வேற எவனோ எழுதிட்டுப் போய் ரொம்ப நேரம் ஆகியிருக்கும். திருடனைக் கையும் களவுமா பிடிக்கணும்னா அதுக்கும் ஆயுதம் இருக்கு. விண்டோஸ்ல டிரைவர் வெரிஃபையர், அதுல ஸ்பெஷல் பூல். ஒவ்வொரு டிரைவருக்கும் கொடுக்கிற மெமரியைப் பக்கத்தோட ஓரத்துல வச்சு, அடுத்த பக்கத்துல கண்ணிவெடி புதைச்சு வைக்கும். ஒரு பைட் தாண்டினாலும் அந்த இடத்துலயே மாட்டிக்கும். லினக்ஸ்ல 2015ல இருந்து காசான். 2021ல இருந்து கேஃபென்ஸ், இது வேகத்தை அவ்வளவா கெடுக்காது. இதையெல்லாம் லைவ் சர்வர்ல போட பயமா இருக்கா? விஎம் தானே, ஒரு க்ளோன் எடுத்துப் போடுங்களேன்! நிஜ மெஷின்காரன் இதுக்கு இன்னொரு பொட்டி வாங்கணும்.

சரி, விஎம்மை வேற ஹோஸ்டுக்கு மாத்திப் பார்க்கிறது? அருமையான சோதனை. ஆனா முக்கால்வாசிப் பேர் அதையும் தப்பா பண்றாங்க. லைவ் மைக்ரேஷன் பண்ணினா மெமரி அப்படியே பைட் பைட்டா காப்பி ஆகும். ஏற்கனவே கெட்டுப் போன பைட்டும் பத்திரமா பொட்டி கட்டிக்கிட்டுக் கூடவே போகும். புது ஹோஸ்ட்ல போய் ரெண்டு மணி நேரத்துல கிராஷ் ஆனதும் "பாத்தீங்களா, ஹோஸ்ட் காரணமில்லை"ன்னு சொல்லுவாங்க. மெமரியோட எடுத்த பழைய ஸ்னாப்ஷாட்டுக்குத் திரும்புறதும் அதே கதை தான், பழைய காயத்தோட எழுந்து வரும். டம்ப் எடுங்க, முழுசா நிறுத்துங்க, புது ஹோஸ்ட்ல புதுசா பூட் பண்ணுங்க. அப்ப வியாதி கூட வந்தா கெஸ்ட் மேல சந்தேகம். வராம, பழைய ஹோஸ்ட்ல வேற விஎம் முனக ஆரம்பிச்சா ஹோஸ்ட் தான் ஆளு.

ராமே நல்லா இருந்து சிபியு பொய் சொல்ற கேஸும் உண்டு. 2021ல கூகுள்காரங்க, சில ஆயிரம் மெஷினுக்குச் சில கோர் வீதம் சத்தமில்லாம தப்புக் கணக்குப் போடுதுன்னு எழுதினாங்க. அதே வருஷம் ஃபேஸ்புக், இப்ப மெட்டா, ஒரு உதாரணமே கொடுத்தது. 1.1ஐ 53 தடவை பெருக்கி முழு எண்ணாக்கினா 156 வரணும். ஒரு மெஷின்ல ஒரு குறிப்பிட்ட கோர் மட்டும் 0ன்னு சொல்லிச்சு. ஃபைலோட அளவு 0ன்னு நினைச்சு ஃபைலே காணாம போயிருக்கு. இது விஎம்ல எப்படித் தெரியும்? கெஸ்டோட வர்ச்சுவல் சிபியு ஒரு நிமிஷம் இந்தக் கோர்ல, அடுத்த நிமிஷம் வேற கோர்ல ஓடும். அதனால வியாதி வரும், போகும், சுத்தமா பிடிபடாது. விஎம்மை ஒவ்வொரு கோரா கட்டிப் போட்டு ஓட்டினா தான் எது பொய் சொல்லுதுன்னு தெரியும். அதை யார் செய்ய முடியும்? மறுபடியும் ஹோஸ்ட் ஓனர் தான்.

பக்கத்து வீட்டுக்காரனே வேணும்னு பண்றதும் உண்டு. 2014ல வந்த ரோஹேமர் ஆய்வு, மெமரியில ஒரு வரிசையைத் திரும்பத் திரும்பத் தட்டினா பக்கத்து வரிசையில பிட் மாறும்னு காட்டிச்சு. சோதிச்ச 129 குச்சில 110 மாட்டிக்கிச்சு. 2016ல ஆம்ஸ்டர்டாம் ஆராய்ச்சியாளர்கள் அதையே வச்சு, ஒரே ஹோஸ்ட்ல ஒரு விஎம்ல இருந்துக்கிட்டே இன்னொரு விஎம்மோட எஸ்எஸ்ஹெச் சாவியில பிட்டை மாத்திக் காட்டினாங்க. ரெண்டு குடித்தனத்துக்கும் ஒரே ரூமைக் காட்டுற வசதின்னு மேலே சொன்னேனே, அதைத்தான் பயன்படுத்திக்கிட்டாங்க. "உன் விஎம்ல பிரச்சனைன்னா உன் தப்பு தான்"னு சொல்றவங்க இதைக் கொஞ்சம் படிக்கணும்.

"இதுக்கெல்லாம் இவ்வளவு கோபமா? ஒரு பிட் தானே"ன்னு கேட்பீங்க. 2008 ஜூலை 20, அமேசான் எஸ்3 பல மணி நேரம் படுத்துடுச்சு. அவங்களே வெளிப்படையா காரணம் சொன்னாங்க. சர்வர்கள் தங்களுக்குள்ள பேசிக்கிற சில செய்திகள்ல ஒரே ஒரு பிட் மாறியிருந்தது. செய்தி படிக்கிற மாதிரியே இருந்தது, ஆனா தப்பு. அது ஊர் வதந்தி மாதிரி எல்லா சர்வருக்கும் பரவிடுச்சு. கஸ்டமரோட ஃபைலுக்கெல்லாம் செக்சம் வச்சிருந்தவங்க, இந்த உள்பேச்சுக்கு வைக்கலை. ஒரு பிட் செஞ்ச வேலை!

எஸ்3 கதையில நல்ல விஷயம், அது படுத்துடுச்சு. படுத்ததால தெரிஞ்சது. கிராஷ் ஆகிறது அதிர்ஷ்டம்ங்க. பயப்பட வேண்டியது கிராஷ் ஆகாததுக்கு. ஒரு சின்ன லேபோட ரத்தப் பரிசோதனை டேட்டாபேஸ் ஒரு விஎம்ல ஓடுதுன்னு வச்சுக்குவோம். ஒரு பிட் மாறி ஒரு எண் மாறுது. புரோகிராம் சாகலை. தப்பான எண் டிஸ்க்குக்குப் போகுது, ராத்திரி பேக்கப்புக்கும் போகுது. பேக்கப் ஏழு நாளைக்கு ஒரு சுத்துன்னா, எட்டாவது நாள் சரியான எண் உலகத்துலயே எங்கேயும் இல்லை. இந்த ஏழு நாள்ல நடுவுல ரெண்டு கிராஷ் ஆச்சு, ரெண்டு ரீபூட் பண்ணினாங்க, ரெண்டு டிக்கெட்டும் "ரிசால்வ்டு". அந்த ரெண்டு கிராஷ் தான் கிடைச்ச ரெண்டு எச்சரிக்கை. கதவைத் தட்டி "வீட்டுல தீ"ன்னு சொன்னவனை, தூக்கத்தைக் கெடுக்காதேன்னு விரட்டி விட்ட மாதிரி.

ஒண்ணைத் தெளிவா சொல்லிடறேன். ராத்திரி ஷிஃப்ட்ல உக்காந்து டிக்கெட் மூடுற எல்1 பையன் மேல எனக்குக் கோபம் இல்லை. எத்தனை நிமிஷத்துல மூடினான்னு தான் அவனை அளக்கிறாங்க. திரும்ப வந்ததான்னு யாரும் கணக்கு வைக்கிறதில்லை. அதே டிக்கெட் நாலு தடவை வந்தா நாலு ரிசால்வ்டு, அப்ரைசல்ல நாலு மார்க். கோபம் இந்த அளவுகோலை வச்சவங்க மேல. ஹோஸ்ட் லாகை மூடி வச்சுக்கிட்டு கஸ்டமரை உள்ளே மெம்டெஸ்ட் ஓட்டச் சொல்றவங்க மேல.

புலம்பினது போதும், உருப்படியா ஒரு பட்டியல். பிரிண்ட் எடுத்து ஒட்டிக்கங்க.

1. விஎம் கிறுக்குத்தனம் பண்ணினா முதல்ல நிறுத்தி வை. அழிக்காதே.
2. வெளியில இருந்து மெமரி டம்ப் எடு. கூடவே எந்த ஹோஸ்ட், எத்தனை மணின்னு குறிச்சு வை. டம்ப்ல பாஸ்வேர்டு உட்பட எல்லாமே இருக்கும், கண்டவங்களுக்கு அனுப்பாதே.
3. அதுக்கப்புறம் தாராளமா ரீபூட் பண்ணு. முடிஞ்சா வேற ஹோஸ்ட்ல, புது பூட்டா.
4. பழைய ஹோஸ்டோட மெஷின் செக் லாகும் ஐபிஎம்ஐ லாகும் பாரு. அதே ஹோஸ்ட்ல மத்த விஎம்கள் முனகுதான்னு கேளு.
5. டம்ப்ல காயத்தோட வடிவத்தைப் பாரு. ஒத்தைப் பிட்டா, சரக்கா, முழுப் பக்கமா?
6. சாஃப்ட்வேர் வாசனை அடிச்சா க்ளோன்ல வெரிஃபையர் இல்லை காசான். ஹார்ட்வேர் வாசனை அடிச்சா ஹோஸ்டைக் காலி பண்ணிட்டு ஹோஸ்ட்ல மெம்டெஸ்ட். பாஸ் ஆனாலும் சிபியுவை மறக்காதே.
7. எந்தத் தேதியில இருந்து பிரச்சனைன்னு கண்டுபிடிச்சு, அதுக்கு முந்தைய பேக்கப் ஒண்ணைத் தனியா எடுத்துப் பூட்டி வை. இதை முதல் நாளே செஞ்சா இன்னும் புண்ணியம்.

இதுல ராக்கெட் சயின்ஸ் எதுவும் இல்லை. எல்லாமே கையில இருக்கிற சாமான். காசு கொடுத்து வாங்க வேண்டியது ஒண்ணே ஒண்ணு தான், ஒண்ணரை நிமிஷப் பொறுமை. அடுத்த தடவை யாராவது "ரீபூட் பண்ணியாச்சு சார், இப்ப நல்லா ஓடுது"ன்னு சொன்னா, "டம்ப் எங்கே?"ன்னு கேளுங்க. பத்து பேர் கேட்டா பதினோராவது ஆளுக்கு எடுத்து வைப்பாங்க.

டிஸ்கி: "நான் பத்து வருஷமா ரீபூட் பண்ணித்தான் பொழப்பு ஓட்டுறேன், ஒண்ணும் ஆகலை"ன்னு பின்னூட்டம் போட நினைக்கும் அன்பர்கள் தாராளமா போடலாம். ஒண்ணும் ஆகலைன்னு உங்களுக்கு எப்படித் தெரியும்ங்கிற பதிலையும் சேர்த்துப் போட்டா கும்மியடிக்க வசதியா இருக்கும். வர்ட்டா!